ஐந்து கிராம் நீலம்

பாண்டிமீனா, பதினொன்றாம் வகுப்பு, அறிவியல் பிரிவு, என் தங்கை. அவளுக்கு நடந்த அநியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு மனசுக்குள் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கூர்மையான வாக்கியத்தில். கிரேஸ்லின் டீச்சர் ஒரு கண்ணாடித் தட்டில் நீல நிறக் காப்பர் சல்பேட் கல்லை இருபத்தைந்து கிராம் நிறுத்து மேசையில் வைத்து, இதில் எத்தனை மோல் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். வகுப்பு மொத்தமும் வெறும் காப்பர் சல்பேட்டின் கனமான நூற்றைம்பத்தொன்பதரையால் வகுத்து பூஜ்யம் புள்ளி ஒன்று ஐந்து ஏழு என்று எழுதியது. டீச்சர் கையிலிருந்த விடையும் அதுவே. இவள் ஒருத்தி மட்டும் இருநூற்று நாற்பத்தொன்பதரையால் வகுத்து பூஜ்யம் புள்ளி ஒன்று என்று எழுதினாள். எழுப்பி நிறுத்தி, இது என்ன கண்றாவிக் கணக்கு என்று கேட்டதற்கு, "கல்லுக்குள்ள தண்ணி இருக்குல்ல டீச்சர், அதையும் சேத்துத்தான நிறுத்தீங்க" என்றிருக்கிறாள். சரியான பதில். கேட்டுக்கொள்ளுங்கள், நான் எம்எஸ்சி கெமிஸ்ட்ரி படிக்கிறவள் சொல்கிறேன், அப்பழுக்கில்லாத சரியான பதில். நீலமாக இருக்கிற வரைக்கும் அந்தக் கல்லில் ஒவ்வொரு காப்பர் சல்பேட்டோடும் ஐந்து தண்ணீர் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், எடையில் அது ஏறத்தான் செய்யும். அதற்கு டீச்சர் என்ன செய்தார் என்றால், தட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்து இவள் உள்ளங்கையில் வைத்து, "எங்க இருக்கு தண்ணி, பிழிஞ்சு காட்டு" என்றார். வகுப்பு சிரித்தது. அன்றைக்குச் சாயங்காலமே இவளுக்குத் தண்ணி லாரி என்று பெயர் விழுந்துவிட்டது. பெயர் விழுந்தால் போகட்டும், அதற்குப் பிறகு இவள் கெமிஸ்ட்ரி வகுப்பில் வாயையே திறக்கவில்லை, எழுந்து நிற்கச் சொன்னால் நின்றாள், பதில் சொல்லச் சொன்னால் ஜன்னலைப் பார்த்தாள், இடைப்பருவத் தேர்வில் மோல் கணக்கு அத்தனையையும் தொடாமல் விட்டுவிட்டு வந்தாள். உடனே டீச்சர் போய் ஹெச்எம்மிடம், இந்தப் பிள்ளைக்கு சயின்ஸ் வராது, காமர்ஸ் குரூப்புக்கு மாற்றிவிடலாம் என்று சொல்லியாகிவிட்டது. வீட்டிலிருந்து யாராவது வந்து இன்றைக்குச் சரியென்று கையெழுத்துப் போட்டுவிட்டால் நாளையிலிருந்து இவள் பக்கத்துக் கட்டிடம். காமர்ஸை நான் மட்டமாகச் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம், என் ரூம்மேட் பீகாம் முடித்துவிட்டு எங்கள் எல்லோரையும் விடத் தெளிவாக இருக்கிறாள். விரும்பிப் போவது வேறு, பிழிந்து காட்டு என்று துரத்தி அனுப்புவது வேறு. இது இரண்டாவது.

அப்பா தோட்டத்தில் திராட்சைக்கு மருந்தடிக்கிறார், மழை பிடித்துக்கொள்வதற்குள் அடித்தாக வேண்டும். அம்மா, "பெரியவ படிச்சவ, பேசவும் தெரிஞ்சவ, அவ போகட்டும்" என்று மதுரை ஹாஸ்டலில் இருந்த எனக்குப் போன் போட்டுவிட்டாள். பேசவும் தெரிஞ்சவ. பஸ் ஆண்டிபட்டி கணவாய் தாண்டுவதற்குள் பேச்சு தயாராகிவிட்டது எனக்கு. முதலில் மரியாதையாகத் தொடங்கி, நடுவில் ஒரு கேள்வி கேட்டு, அந்தக் கேள்விக்கு டீச்சர் பதில் சொல்ல முடியாமல் நிற்கும்போது இரண்டாவது கேள்வி. பட்டிமன்றத்தில் நான் இப்படித்தான் செய்வேன், எதிரணி தண்ணீர் குடிக்கும் நேரம் பார்த்துத்தான் அடிப்பேன். ஆனால் பள்ளிக்கூட வாசலில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்த இவள், ரெட்டைச் சடையும் துப்பட்டாவைக் குத்தின பின்னுமாக, என்னைப் பார்த்த உடனே சொன்ன முதல் வார்த்தை, "யக்கா, நீ உள்ள வந்து வாயத் தொறக்காத." ஏன் என்றேன். "நீ பேசினா நீ ஜெயிப்ப. எனக்கு அது வேணாம்." அப்புறம் உனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டேன், அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால். ஸ்டாஃப் ரூமில் டீச்சர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தார். நான் வணக்கம் டீச்சர் என்று தொடங்கி மூச்சை இழுப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள். "டீச்சர், எனக்கு அஞ்சு கிராம் குடுங்க. சூடு பண்ணிக் காட்டுறேன். தண்ணி இல்லன்னா அக்கா கையெழுத்துப் போடட்டும்." என் கையெழுத்தைப் பந்தயத்தில் வைக்க இவளுக்கு யார் அனுமதி கொடுத்தது. டீச்சர் இவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், எனக்கு அது வசதியாக இருந்திருக்கும். அவர் டிபன் பாக்ஸைப் பையில் வைத்துவிட்டு, "சரி வா, அடுத்த பீரியட் எனக்கு லேப்தான், காலியாத்தான் கெடக்கு" என்றார். அப்புறம் என்னிடம், "நீங்க வெளிய இருங்கம்மா. உள்ள வந்தீங்கன்னா நீங்க சொல்லிக் குடுத்ததா ஆயிரும்." நியாயமான பேச்சு. எனக்கு நியாயமான பேச்சு பேசுகிற எதிரணி பிடிக்காது. இப்படியாக நான் லேபுக்கு வெளியே, ஒரு கால் ஆடுகிற பெஞ்சில், தயார் செய்த பேச்சோடு உட்கார்ந்திருக்கிறேன்.

ஜன்னல் கண்ணாடிக்குப் பச்சை பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள், உள்ளே இருப்பது வெளியே தெரியக் கூடாதாம், அறிவியலுக்கு என்ன கூச்சமோ. ஒரு மூலையில் மட்டும் பெயின்ட் உரிந்திருக்கிறது, அது வழியாக ஒரு சடையும் முழங்கையும் தெரிகிறது. முழங்கை அசைகிறது. தராசில் வைக்கிறாள் போல. பீங்கான் கிண்ணத்தைத் தனியாக நிறுத்துக்கொண்டாளா, கிண்ணத்தின் எடையைக் கழிக்கணுமே, அதை மறந்துவிட்டால் அத்தனையும் போச்சு. "கிண்ணத்த முதல்ல" என்று இவள் குரல் கேட்கிறது, பாதிதான் கேட்கிறது, சரி, மறக்கவில்லை. மறக்க மாட்டாள். எங்கள் வீட்டில் எடையோடுதான் வளர்ந்தோம். திராட்சை வியாபாரி கங்காதரன் தோட்டத்துக்கே தராசு கொண்டுவருவார், பெட்டியின் எடை தனி, காம்பின் எடை தனி, விடியக்காலையில் வெட்டின குலை என்றால் பனி ஈரத்துக்கென்று பெட்டிக்குக் கொஞ்சம் கழிப்பார். அப்பா அதற்கு ஒவ்வொரு அறுப்புக்கும் மல்லுக்கட்டுவார். "பழத்துல எங்கய்யா ஈரம், காஞ்சு கெடக்கு, தொட்டுப் பாரு." வியாபாரி சிரித்துக்கொண்டே, "தொட்டாத் தெரியாது மாமா, நிறுத்தாத்தான் தெரியும்" என்பார். மீனா அப்போது சின்னப் பிள்ளை, பெட்டி மேலே உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருப்பாள், இறக்கிவிட்டுவிட்டுத்தான் பெட்டியை நிறுக்கணும். தொட்டால் தெரியாது, நிறுத்தால்தான் தெரியும். இவள் அந்த வாக்கியத்தைத்தான் வகுப்பில் சொல்லியிருக்கிறாள், டீச்சரோ தொட்டுப் பார்த்துவிட்டு இல்லை என்கிறார், எங்கள் அப்பா கட்சி. இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, சிரிக்கக் கூடாது, நான் கோபமாக வந்திருக்கிறேன். மோல் என்றால் என்ன என்று இவள் என்னிடம் போன வருஷம் கேட்டபோதுகூட நான் பழத்தைத்தான் சொன்னேன், ஒரு பெட்டியில் எத்தனை பழம் என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது, ஆனால் ஒரு பழம் எவ்வளவு கனம் என்று தெரிந்தால் பெட்டியை நிறுத்தே எண்ணிவிடலாம், அவ்வளவுதான், டஜன் மாதிரி மோலும் ஒரு எண்ணிக்கை, என்ன, ரொம்ப ரொம்பப் பெரிய டஜன், அணுவெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பழம். கிராமை மோலாக்கணும் என்றால் ஒன்றின் கனத்தால் வகு, மோலைக் கிராமாக்கணும் என்றால் பெருக்கு. இவள், "அப்ப பழம் நனைஞ்சிருந்தா?" என்று கேட்டாள். நான் பரீட்சைக்கு அதெல்லாம் வராது, தூங்கு என்றேன். வகுப்பிலேயே வந்துவிட்டது.

ஸ்பிரிட் விளக்கின் வாசனை. பற்றவைத்துவிட்டார்கள். எனக்கு இந்த வாசனை என்றால் உடனே பி.எஸ்சி. முதல் வருஷம், வெள்ளைக் கோட்டின் கஞ்சி மொடமொடப்பு, கூடவே ஒரு பயம், ஏதாவது வெடிக்குமோ என்று. இப்போதும் அதே பயம், வெடிக்கும் என்று இல்லை, கருகும் என்று. இதை யாராவது இவளுக்குச் சொன்னார்களா. நீலக் கல்லைச் சூடாக்கினால் வெளுக்கும், வெள்ளைப் பொடியாகும், சரி, ஆனால் அதற்கு மேலும் தீயைக் கூட்டிக்கொண்டே போனால் வெள்ளை கறுப்பாகிவிடும், தண்ணீரோடு நிற்காமல் உப்பே உடைந்து புகையாகப் போய்விடும், அப்புறம் எடை கண்டபடி இறங்கும், எந்தக் கணக்குக்கும் வராது. எங்கள் பேட்சில் பாதிப் பேர் அப்படிக் கருக்கியிருக்கிறார்கள், கல்லூரியில், பர்னர் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஆள் நின்று. இவள் இந்தக் கல்லைச் சூடாக்கிப் பார்த்ததே கிடையாது. தண்ணீரில் கரைத்துத்தான் பார்த்திருக்கிறாள். அப்பா மயில்துத்தத்தை, இதே நீலக் கல்லைத்தான், துணியில் முடிந்து பிளாஸ்டிக் டிரம்மில் தொங்கவிடுவார், அடியில் போட்டால் கரையாது, மேலே தொங்கினால்தான் நீலம் நூல் நூலாக இறங்கும், நானும் இவளும் டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்த நூலைப் பார்ப்போம், அம்மா கத்துவாள், வெசம்டி, மூஞ்சிய எடு என்று. சுண்ணாம்பு சேர்த்துத் திராட்சைக்கு அடித்துவிட்டு அப்பா வீட்டுக்கு வரும்போது சட்டை, விரல், காது மடல் எல்லாம் வெளிறின நீலமாக இருக்கும். கிலோக் கணக்கில் துத்தம் புழங்குகிற வீட்டுப் பெண்ணிடம் ஒரே ஒரு கல்லைக் கொடுத்துப் பிழியச் சொன்னார்களே என்று இப்போது திரும்பவும் சூடேறுகிறது எனக்கு. பட்டென்று உள்ளே ஒரு சத்தம். கல் தெறிக்கிறது. ஐயோ மூடியிருக்கிறாளா, ஒரு துணுக்கு வெளியே போனாலும் எடை குறையும், குறைந்தது தண்ணீரா கல்லா என்று யார் சொல்வது. எழுந்துவிட்டேன். கதவு வரைக்கும் போய்விட்டேன். தீயக் குறைடீ என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "மெதுவா, மெதுவா கிண்டு" என்று உள்ளே ஒரு குரல். இவள் குரல் இல்லை. டீச்சரின் குரல். அவரா சொல்கிறார். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன், பெஞ்ச் ஒரு பக்கம் சாய்ந்தது.

டீச்சர் ஏன் மெதுவாக என்று சொல்லணும். கருகட்டும் என்று விட்டுவிட்டால் அவர் ஜெயித்தாரே. நான் அவர் இடத்தில் இருந்தால், வேண்டாம், அந்த யோசனை எனக்கு இப்போது வேண்டாம். "யாரும்மா, கையெழுத்துப் போட வந்ததா?" ஆபீஸிலிருந்து வந்த அட்டெண்டர், இவள் போனில் சொல்கிற முத்தையா அண்ணனாகத்தான் இருக்கணும், வெற்றிலை போட்ட வாய். "ஹெச்எம் கேக்குறாங்க. மூணு மணிக்கு மேல மீட்டிங்குக்குப் போயிருவாங்க." இன்னும் முடிவாகவில்லை என்றேன். "என்னத்த முடிவாகணும், ஒரு கையெழுத்துதான." உள்ளே சோதனை நடக்கிறது அண்ணே என்றேன். அவர் பெயின்ட் உரிந்த மூலையில் கண்ணை வைத்துப் பார்த்தார். "அட, லேப்ல வெளக்கு எரியுது. இந்த வருசம் நான் இப்பத்தான் பாக்கேன்." ஏன் அண்ணே என்று கேட்டதற்கு, "கெமிஸ்ட்ரி டீச்சர் மாறுதல்ல போனது போனதுதான், ஆள் வரல. கிரேஸ்லின் டீச்சர் பிசிக்ஸ் டீச்சருல்ல. ரெண்டையும் அவங்க தலையிலயே கட்டிட்டாங்க. பாவம், கைடப் பாத்துத்தான் நடத்துறாங்க" என்று சொல்லிவிட்டு, துப்புவதற்காக வராந்தாவை விட்டு இறங்கினார். எனக்குப் பேச்சில் ஒரு பத்தி கழன்று விழுந்தது. பஸ்ஸில் நான் தயார் செய்ததில் ஒரு இடம் உண்டு, இத்தனை வருஷம் கெமிஸ்ட்ரி நடத்துகிற உங்களுக்கு இதுகூடத் தெரியாதா டீச்சர் என்று, மெதுவாக ஆரம்பித்து உயர்த்திக்கொண்டே போய் முடிக்கிற இடம், எனக்கே பிடித்த இடம். அது இனி செல்லாது. ஆனால் கேட்கிறேன், பிசிக்ஸ் டீச்சர் என்றால் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போகலாமே, வா பார்க்கலாம் என்று சொல்லலாமே, அன்றைக்கே இந்த விளக்கைப் பற்றவைத்திருக்கலாமே. தெரியாது என்று சொல்வதற்கு என்ன. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியாது என்று நான் எப்போதாவது சொல்லியிருக்கிறேனா. மேடையில் ஒரு தடவைகூட இல்லை. இல்லை, இந்த வாதம் எனக்கு எதிராகத் திரும்புகிறது, விடு. இவளுக்காக நான் முதல்முதலாக வாதாடியது ஞாபகம் வருகிறது, இவள் நான்காம் வகுப்பு, கோலப் போட்டியில் பரிசு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று நடுவரோடு நான் சண்டைபோட்டுப் பரிசைத் திருப்பி வாங்கினேன். வீட்டுக்கு வரும் வழியில் இவள் அந்த எவர்சில்வர் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டாள். "நீயே வச்சுக்க. எல்லாரும் உன்னையத்தான பாத்தாங்க." அப்போது எனக்கு அது நன்றியாகத்தான் பட்டது. இந்த பெஞ்சில் உட்கார்ந்து கேட்டால் வேறு மாதிரி கேட்கிறது.

தீ அணைந்துவிட்டது, வாசனை மாறிவிட்டது. ஆற வைக்கிறார்கள். ஆறாமல் நிறுக்கக் கூடாது, சூடான கிண்ணம் தராசை ஏமாற்றும். இந்த இடைவெளிதான் தாங்கவில்லை. பக்கத்து வகுப்பில் யாரோ ஒரு பையன் மனப்பாடச் செய்யுளை ஒரே மூச்சில் ஒப்பிக்கிறான், நடுவில் ஒரு வரி சிக்கிக்கொண்டு அதையே நாலு தடவை சொல்கிறான், அடுத்த வரி வரவில்லை, எனக்கும் அப்படித்தான், மூன்று புள்ளி இரண்டு, மூன்று புள்ளி இரண்டு, ஐந்து கிராமில் தண்ணீர் முழுவதும் போனால் மிஞ்ச வேண்டியது மூன்று புள்ளி இரண்டு, அடுத்த வரி வரவில்லை. இவள் இந்த மாதத்தில் இளைத்துவிட்டாள், வாசலில் பார்த்தபோதே நினைத்தேன், சடை மட்டும் அப்படியே இருக்கிறது, தோள்பட்டை எலும்பு துருத்துகிறது, அம்மாவும் போனில் சொன்னாள், ரெண்டு தோசைக்கு மேல் தொடுவதில்லை என்று. உள்ளே தராசின் பீப் சத்தம். காதைத் தீட்டிக்கொண்டேன். "மூணு புள்ளி ஆறு" என்கிறார் டீச்சர். "நீ சொன்ன கணக்குக்கு வரலையே பிள்ள." மூன்று புள்ளி ஆறு. தோற்றோம் என்று நினைத்த நொடியிலேயே நிமிர்ந்தேன், ஏனென்றால் எனக்கு அந்த எண் தெரியும். ஐந்து தண்ணீரில் நான்கு சுலபமாகப் போய்விடும், ஐந்தாவது போகாது, அது வேறு மாதிரி பிடித்துக்கொண்டிருக்கும், இன்னும் நல்ல சூடு கேட்கும். நான்கு போய் ஒன்று மிஞ்சினால் மூன்று புள்ளி ஆறுதான் நிற்கும். எனக்குத் தெரியும். இவளுக்குத் தெரியாது. பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் அது அவ்வளவு விளக்கமாக இருக்காது. இப்போது ஒரு வார்த்தை போதும், கதவைத் தள்ளி ஒரே ஒரு வார்த்தை, இன்னும் சூடாக்கு, ஐந்தாவது மிச்சமிருக்கிறது. கை கதவில் இருக்கிறது. எப்போது எழுந்தேன். நான் சொன்னால் ஜெயித்துவிடலாம். நான் சொன்னால். டம்ளர் என் கையில் இருக்கும். கையை எடுத்துத் துப்பட்டாவுக்குள் சுற்றிக்கொண்டேன், சின்னப் பிள்ளை மாதிரி. உள்ளே கண்ணாடிக் குச்சி கிண்ணத்தில் உரசுகிற சத்தம் மட்டும். விட்டுவிட்டாளோ. ஜன்னலைப் பார்க்கிறாளோ, வகுப்பில் பார்ப்பாளாமே அப்படி. அப்புறம் இவள் குரல், எனக்குத் தெரிந்த, வியாபாரியோடு கூடப் பேசாத அந்தச் சின்னக் குரல், "இன்னும் இருக்கு டீச்சர். ஓரத்துல பாருங்க, லேசா நீலம் தெரியுது. முழுசா வெளுக்கல." தீக்குச்சி உரசுகிற சத்தம். கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். புத்தகம் சொல்லவில்லை, நான் சொல்லவில்லை, பார்த்துச் சொல்லிவிட்டாள், டிரம் விளிம்பில் கன்னத்தை வைத்து நீல நூல் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணால். இனி கருகாமல் இருந்தால் போதும்.

கருகவில்லை. நெற்றியைக் கதவில் வைத்திருந்ததால் கதவு கொஞ்சம் கொஞ்சமாக என் கனத்துக்குத் திறந்துகொண்டே போயிருக்கிறது, அது எனக்குத் தெரியவில்லை, இப்போது ஒரு சாண் இடைவெளி, உள்ளே தெரிகிறது. கம்பி வலை மேலே பீங்கான் கிண்ணம், அதற்குள் சாம்பல் பூத்த வெள்ளையாக ஒரு பொடி, கண்ணாடிக் குச்சியால் இவள் அதைப் புரட்டிப் புரட்டிப் போடுகிறாள். டீச்சர் நின்றுகொண்டு இல்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிண்ணத்துக்கு நேரே குனிந்திருக்கிறார், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு. இருவர் முகமும் ஒரே மாதிரி இருக்கிறது. என்னை யாரும் பார்க்கவில்லை. ஆற வைத்தார்கள், மூடி வைத்தார்கள், நிறுத்தார்கள். மூன்று புள்ளி இரண்டு. இவளே மறுபடி விளக்கைப் பற்றவைத்து மறுபடி சூடாக்கி மறுபடி ஆறவைத்து நிறுத்தாள், மூன்று புள்ளி இரண்டு, இனி இறங்காது, இறங்க வேண்டியது இறங்கிவிட்டது. முத்தையா அண்ணன் என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறார், வெற்றிலை வாசனை, அவரும் பார்க்கிறார். டீச்சர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "எடை குறைஞ்சிருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா குறைஞ்சது தண்ணிதான்னு எப்படிச் சொல்ற? வேற ஏதாவது ஆவியாப் போயிருக்கலாம்ல?" எனக்குச் சுரீர் என்றது, அப்புறம் சந்தோஷமாக இருந்தது, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக. இது நல்ல கேள்வி. பிழிந்து காட்டு மாதிரி இல்லை இது. இது ஒரு ஆள் இன்னொரு ஆளைக் கேட்கிற கேள்வி, நான் எதிரணியில் இருந்திருந்தால் இதைத்தான் கேட்டிருப்பேன். மீனா கையைத் துடைத்துக்கொண்டாள். குழாயில் விரலை நனைத்து, கிண்ணத்துக்கு மேலே நீட்டி, ஒரு சொட்டு விட்டாள். வெள்ளைக்கு நடுவில் ஒரு நீலப் பொட்டு. இன்னொரு சொட்டு. நீலம் ஓடி ஓரத்தைத் தொட்டது, கிண்ணத்திலிருந்து லேசாக ஒரு ஆவி எழுந்தது. "தொட்டுப் பாருங்க டீச்சர், சுடுது. போனது திரும்பி வந்துருச்சு." டீச்சர் கிண்ணத்தின் வெளிப்பக்கத்தைத் தொட்டார். விரலை எடுக்கவில்லை. பின்னால் அட்டெண்டர், "இந்தா, எங்க வீட்டுத் தோட்டத்துத் துத்தம் மாதிரியே ஆயிருச்சே" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

டீச்சர் நிமிர்ந்தபோது எங்களைப் பார்த்துவிட்டார். ஒரு நொடி அவர் முகம் அன்றைக்கு வகுப்பில் இருந்திருக்கக்கூடிய முகமாக மாறப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன், தாடை இறுகியது, பேசு, இப்போது பேசு என்று என் மொத்தப் பேச்சும் தொண்டைக்கு வந்து வரிசையில் நின்றது. அப்புறம் அந்தத் தாடை தளர்ந்தது. "முத்தையா, ஹெச்எம்கிட்ட சொல்லிருங்க. இந்தப் பிள்ள எங்கயும் போகல, இங்கதான் இருக்கும். நான் வந்து பேசிக்கிறேன்." என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் சொல்வதற்கு என்ன இருக்கிறது. மன்னிப்பு என்ற வார்த்தையை நான் பஸ்ஸில் மூன்று இடத்தில் வைத்திருந்தேன், அவர் அதைச் சொல்லவே இல்லை, எனக்கு அது இன்னும் உறுத்துகிறது, உறுத்தத்தான் செய்யும், நாற்பது பேர் முன்னால் சொன்னதை நாற்பது பேர் முன்னால்தான் திருப்பி எடுக்கணும், அதை விடமாட்டேன். அவர் மேசையைச் சுற்றி வந்து, கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, மீனாவுக்கு எதிரே நின்றுகொண்டார். "திங்கக்கிழமை முதல் பீரியட் இத எல்லாத்துக்கும் காட்டணும். நான் தப்பாப் போட்ட கணக்க நான்தான் அடிச்சுத் திருத்தணும். அதுக்கு முந்தி எனக்கு ஒண்ணு வெளங்கணும். அன்னைக்குக் கேட்டதையே திரும்பக் கேக்குறேன். சூடு பண்றதுக்கு முன்னால இந்தக் கிண்ணத்துல காப்பர் சல்பேட் எத்தன மோல் இருந்துச்சு, சூடு பண்ணி வெளுத்த பெறகு எத்தன மோல் இருந்துச்சு?" எழுந்து நிற்கச் சொன்னால் நிற்கிற, பதில் கேட்டால் ஜன்னலைப் பார்க்கிற என் தங்கை ஜன்னல் பக்கம் திரும்பினாள். பச்சைக் கண்ணாடி. மனசுக்குள் வகுக்கிறேன், ஐந்தை இருநூற்று நாற்பத்தொன்பதரையால், மூன்று புள்ளி இரண்டை நூற்றைம்பத்தொன்பதரையால், உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை, வர விடவில்லை. அவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள், என்னைப் பார்க்கவில்லை, டீச்சரை நேராகப் பார்த்தாள். எலும்பு துருத்துகிற அந்தத் தோளை ஒரு தடவை ஏற்றி இறக்கிக்கொண்டாள்.

"ரெண்டு தடவையும் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ரெண்டுதான் டீச்சர். கிராம்தான் குறைஞ்சிச்சு. மோல் குறையல."